மாமியார் வாங்கிய சத்தியம்

கேள்வி: என் கணவர் போலந்துக்காரர். லண்டனில் இருக்கிறோம். 84 வயது மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். சென்ற மாதம் தனியாக இருந்தபோது, தான் பிறப்பால் யூதர் என்றும், கைக்குழந்தையாக வார்சாவில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டவர் என்றும் என்னிடம் சொன்னார். "மகனுக்குத் தெரிந்தால் அவமானம்" என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். இப்போது கணவர் பூர்வீகம் அறிய மரபணுப் பரிசோதனைப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறார். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்தப் பெட்டி. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள், அதாவது அஷ்கனாசிகள், பல நூற்றாண்டுகள் தங்களுக்குள்ளேயே மணம் முடித்தவர்கள். அதனால் இத்தகைய பரிசோதனையில் அந்த வம்சாவளி பளிச்சென்று தெரிந்துவிடும். எச்சில் ஆய்வகத்துக்குப் போனால் சில வாரங்களில் 'ஏறத்தாழப் பாதி' என்று முடிவு வரும். உங்கள் சத்தியத்துக்கு அவ்வளவுதான் ஆயுள். இதை உடனே தெரிந்துகொள்ள வேண்டியவர் கணவர் அல்ல, மாமியார். இன்றே சொல்லுங்கள்.

அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த மெடலின் ஆல்பிரைட் கத்தோலிக்கராக வளர்ந்தவர். தன் தாத்தா பாட்டிகளில் மூவர் நாஜிகளின் யூத இன அழிப்பில் இறந்ததை 1997இல், 59 வயதில், ஒரு பத்திரிகையாளர் தேடி எடுத்த தகவல்கள் மூலம்தான் அறிந்தார். 'ஏன் சொல்லவில்லை' என்று கேட்பதற்குப் பெற்றோர் இருவரும் அப்போது உயிரோடு இல்லை. உங்கள் கணவருக்குக் கேட்க ஆள் இருக்கிறார்.

'அவமானம்' என்று உங்கள் மாமியார் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டாம் உலகப் போருக்கு முன் போலந்தில் சுமார் 33 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். ஏறத்தாழ 30 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அதோடு முடிந்திருந்தால்கூட அவர் என்றோ வாய் திறந்திருக்கலாம். முடியவில்லை. போர் ஓய்ந்து ஓராண்டு கழித்து, 1946 ஜூலையில், கியெல்ட்சே நகரில் உயிர் தப்பி வந்திருந்த யூதர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோரை ஒரு கும்பல் கொன்றது. 1968இல் கம்யூனிஸ்ட் அரசே யூத எதிர்ப்புப் பிரசாரத்தில் இறங்க, அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 13,000 பேர் நாட்டை விட்டுப் போனார்கள். குடியுரிமையைத் துறந்து, 'இவர் போலந்துக் குடிமகன் அல்ல' என்று எழுதிய பயணத் தாளோடு வார்சாவில் ரயிலேறினார்கள். அப்போது உங்கள் மாமியாருக்கு இருபத்தேழு வயது இருக்கும். யூதர் என்று ஊருக்குத் தெரிந்தவர்கள் போனார்கள், ஊருக்குத் தெரியாத இவர் தங்கினார். பயத்தை இத்தனை காலம் மடியில் கட்டிக்கொண்டிருந்தால், அது அவமானம் போலத்தான் உறுத்தும்.

வளர்த்த தாய்க்குத் துரோகம் செய்கிறோமோ என்ற தவிப்பும் அவருக்கு இருக்கக்கூடும். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் போலந்தில் யூதருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை. அதற்குத் துணிந்துதான் அந்தக் குடும்பம் குழந்தையை வாங்கிக்கொண்டது. பெற்றவளின் பெயரைச் சொல்வதால் வளர்த்தவள் சிறுத்துப்போக மாட்டாள் என்பதை, முடிந்தால், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். அவர் தேவாலயம் போவதையும் நிறுத்த வேண்டியதில்லை.

யூத மதச் சட்டம் தாய்வழி பார்ப்பது. அதன்படி உங்கள் கணவரும் யூதரே. அதைக் கொண்டாடுவதும் விடுவதும் அவர் பாடு.

'ஏன் மறைத்தீர்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். 'உங்களைப் பெற்ற அம்மா பெயர் என்ன?' என்று கேளுங்கள். தெரியாது என்றால், ஊர், தெரு, அரைகுறையாகக் காதில் விழுந்த பெயர், எதுவானாலும் குறித்துக்கொள்ளுங்கள். வார்சாவில் உள்ள யூத வரலாற்று நிறுவனம் குடும்பத் தடம் தேடுபவர்களுக்கு உதவுகிறது. ஜெருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகம் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை உறவினர் நிரப்பும் சாட்சிப் படிவங்கள் வழியாகப் பல்லாண்டுகளாகச் சேர்க்கிறது. அந்தப் படிவத்தை மகனும் தாயும் சேர்ந்து நிரப்பலாம்.

அதுவரை கணவர் பெட்டியைப் பிரித்தால், "அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். இது சத்தியத்தை மீறுவது ஆகாது. கறாராகக் கணக்குப் பார்த்தால் கொஞ்சம் மீறுவதுதான், பரவாயில்லை.