நீதிபதி மருமகன் மேல் யாரிடம் புகார் கொடுப்பது?

கேள்வி: என் மகளை ஒரு மாஜிஸ்திரேட்டுக்குக் கட்டிக்கொடுத்தோம். கார் வாங்கப் பணம் கேட்டு அடி, உதை. இப்போது பேரனோடு எங்கள் வீட்டில் இருக்கிறாள். உள்ளூர் வக்கீல்கள் கேஸ் கட்டைத் தொடவே பயப்படுகிறார்கள். "இது குடும்ப விஷயம், உத்தியோகத்தை ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார் சம்பந்தி. அது உண்மையா?
- பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்: உண்மை இல்லை அம்மா. மதுரையில் குடும்ப வழக்குகளையே நடத்தி வருகிறவள் என்பதால், இதே வாக்கியத்தை நானும் பல வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. பெண்டாட்டியை அடித்துவிட்டு வந்தவர், அடிபட்ட இன்னொரு பெண்ணின் மனுவை எந்தக் கண்ணோடு படிப்பார்?

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது. மாஜிஸ்திரேட் முதல் மாவட்ட நீதிபதி வரை எல்லோரும் அரசியல் சட்டத்தின் 235-வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். அந்தக் கட்டுப்பாடு சாயங்காலம் கோர்ட் கலைந்ததும் முடிந்துவிடாது. உத்தரப் பிரதேசத்தில் தயா சங்கர் என்ற முன்சீப் (கீழ்க்கோர்ட் நீதிபதி), அலிகார் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.எம். பரீட்சை எழுதும்போது காப்பியடித்தார். தீர்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் வேலை போயிற்று. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். நீதிபதிக்குக் கோர்ட்டுக்குள் ஒரு நெறி, வெளியே ஒரு நெறி என்று இருக்க முடியாது என்று 1987-ல் அந்த மன்றம் சொல்லிவிட்டது. பரீட்சையில் பிட் அடித்தாலே இந்த நிலைமை என்றால், வரதட்சணை கேட்டு அடிப்பது எப்படி வீட்டுச் சமாசாரமாகும்?

சரி, செய்ய வேண்டியது என்ன? சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமைப் பதிவாளருக்கு எழுதுங்கள். கீழ்க்கோர்ட் நீதிபதிகள் மீதான புகார்களைப் பார்க்க அங்கே விஜிலென்ஸ் பிரிவு இருக்கிறது. ஆனால் வெறும் கடிதம் போட்டால் பலன் இருக்காது. பிரமாணப் பத்திரமும் (அஃபிடவிட்) சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் இல்லாத புகார்களை எடுக்க வேண்டாம் என்று 2014-ல் இந்தியத் தலைமை நீதிபதி எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் எழுதியிருக்கிறார். அதனால் மகள் பெயரிலேயே அஃபிடவிட் போடுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, பணம் கேட்ட வாட்ஸ்அப் செய்தி, பேங்க் பாஸ்புக்கில் பணம் போன பக்கம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிச் சேருங்கள். "கொடுமைக்காரர்" என்று பத்துத் தடவை எழுதுவதைவிட, எந்தத் தேதியில், எந்த வீட்டில், யார் பார்க்க என்ன நடந்தது என்று ஒரு தடவை எழுதினால் போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். துறை விசாரணை வந்தால் உங்கள் மகள் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும், குறுக்கு விசாரணையும் உண்டு. அவளை இப்போதே அதற்குத் தயார்படுத்துங்கள்.

குடும்ப வன்முறைச் சட்டப்படி தனியாக மனு போடலாம். கணவர் வேலை பார்க்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. மகள் இப்போது தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே போடலாம், 2005-ம் வருஷச் சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது. உள்ளூர் வக்கீல்கள் தயங்குவதற்குக் காரணம் எனக்குத் தெரியும், நாளைக்கு அவர் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். அவர்களைத் திட்டிப் பயனில்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்கு வாருங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம்.

விவாகரத்து, மனக்கசப்பு, பிரிந்து வாழ்வது இவையெல்லாம் ஒழுங்கீனம் ஆகாது. அவற்றைப் புகாரில் கலக்காதீர்கள். அடியும் பணமும் மட்டும் போதும்.

கேள்வி: இதே காரியத்தை உயர் நீதிமன்ற நீதிபதி செய்தால்?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

பதில்: கிரிமினல் சட்டம் அவருக்கும் உண்டு. ஆனால் வழக்குப் பதியும் முன் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 1991-ல் சென்னை உயர் நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி வீராசாமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பதவியைப் பொறுத்தவரை நிலைமை மோசம். 1999-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற உள்விசாரணை முறையில் மூன்று நீதிபதிகள் விசாரிப்பார்கள். குற்றம் பெரிது என்றால் ராஜினாமா செய்யச் சொல்வார்கள், கேட்காவிட்டால் வழக்கு எதுவும் ஒதுக்க மாட்டார்கள். அதற்கு மேல் நாடாளுமன்றம்தான் நீக்க வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்பதை 1993-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி விவகாரத்தில் பார்த்தோம். அதற்கு முன் பஞ்சாப்-ஹரியானா தலைமை நீதிபதியாகச் சண்டிகரில் இருந்தபோது அரசு பங்களாவுக்கு நாற்காலி, கம்பளம் வாங்கிய செலவெல்லாம் குற்றச்சாட்டாக வந்து, விசாரணைக் குழுவும் குறை கண்டது. மக்களவையில் 196 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்து ஒருவரும் இல்லை, 205 பேர் ஓட்டே போடவில்லை. தேவையான ஆதரவு எண்ணிக்கை கிடைக்காமல் தீர்மானம் விழுந்தது.

புத்திமதி அல்லது பதவி நீக்கம், இரண்டுக்கும் நடுவே சட்டத்தில் எதுவும் இல்லை. எச்சரிக்கை போன்ற நடுத்தர நடவடிக்கைகளுக்கு இடம் வைத்த மசோதா ஒன்று 2012-ல் மக்களவையில் நிறைவேறியது, 2014-ல் அவை கலைந்ததும் காலாவதியானது. அதை மறுபடி கொண்டுவர வேண்டும் என்று நான் பேசக் கிடைத்த மேடையிலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: பிடிக்காத நீதிபதி மேல் பொய்ப் புகார் கிளப்பினால்?
- கோர்ட் ஊழியர், திண்டுக்கல்

பதில்: நியாயமான பயம். 1989-ல் குஜராத்தின் நடியாத்தில் அதுதான் நடந்தது. போலீஸ் சம்மன்களைச் சரியாகச் சேர்ப்பதில்லை என்று அங்கிருந்த தலைமை மாஜிஸ்திரேட் மேலிடத்தில் முறையிட்டிருந்தார். மதுவிலக்கு உள்ள மாநிலம் அது. அவரை ஸ்டேஷனுக்கு வரவழைத்து, வாயில் பலவந்தமாகச் சாராயம் ஊற்றி, விலங்கு மாட்டி, கயிற்றால் கட்டி, நிருபர்களைக் கூப்பிட்டுப் போட்டோவும் எடுக்க வைத்தார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த இன்ஸ்பெக்டருக்கு ஆறு மாதச் சிறை கொடுத்தது. கீழ்க்கோர்ட் நீதிபதியைக் கைது செய்தால் மாவட்ட நீதிபதிக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்ற விதி அந்தத் தீர்ப்பில் வந்ததுதான். அது போலீஸுக்குப் போட்ட கடிவாளம். பிரமாணப் பத்திரத்தோடு உயர் நீதிமன்றத்துக்குப் போகும் ஒரு மனைவியை அது தடுக்காது.