நாற்பதுக்கு மேல் என்ன விளையாட்டு?

கேள்வி: எனக்கு 43 வயது. கணக்குப் பிரிவில் வேலை. வீட்டுக்கு வந்தால் அடுக்களை, பையன் படிப்பு, மாமியாருக்கு மாத்திரை என்று நேரம் ஓடிவிடும். எல்லாம் முடிந்து படுக்கையில் போனை எடுத்தால் பன்னிரண்டு மணி ஆகிவிடுகிறது. ஆனாலும் மனசு லேசாவதில்லை. பள்ளியில் நன்றாக ஷட்டில் ஆடுவேன். இப்போது தோழி ஒருத்தி கூப்பிடுகிறாள். 'வேலை கிடக்க, இந்த வயதில் விளையாட்டு கேட்கிறதா' என்று எனக்கே உறுத்துகிறது. போகலாமா மேடம்?
- ஒரு வாசகி

பதில்: போங்கள். இந்த வாரமே போங்கள். வேலையெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தால் போகவே முடியாது. வீட்டு வேலைக்கு என்றைக்கு முடிவு வந்திருக்கிறது?

ஆலோசனைக்கு வருகிறவர்கள் பலரும் நீங்கள் சொல்லும் இந்தப் போன் விஷயத்தைச் சொல்வார்கள். அலுப்பு தீரத்தான் எடுக்கிறோம். ஆனால் விரல் தள்ளிக்கொண்டே இருக்கும், மனசு பாட்டுக்கு நாளைய கவலையை மென்றுகொண்டிருக்கும். ஷட்டிலில் அதற்கு வழியில்லை. எதிராளி உயரத் தூக்கி அடித்த பந்து பாதி வழியில் வேகம் குறைந்து, தலைகீழாகத் திரும்பி, செங்குத்தாக உங்கள் தலைக்கு மேல் இறங்குகிறது. அந்த நொடியில் கணக்கும் தெரியாது, மாத்திரையும் தெரியாது. மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் 1970களில் சதுரங்கம் ஆடுகிறவர்கள், மலையேறுகிறவர்கள், நடனமாடுகிறவர்கள் என்று பலரிடம் பேசி இந்த நிலையை ஆராய்ந்தார். ஆட்டத்தின் கடினமும் நம் திறமையும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போதுதான் இப்படித் தன்னை மறக்க முடிகிறது என்றார். அதனால் உங்கள் அளவுக்கு ஆடுகிறவர்களோடு ஆடுங்கள். தினம் ஆடிப் பழகியவரிடம் தோற்றுக்கொண்டே இருந்தால் இரண்டாம் வாரமே வெறுத்துவிடும்.

உங்கள் தோழி கூப்பிடுவது பெரிய விஷயம். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் ஆய்வாளர்கள் 8,500க்கும் மேற்பட்டவர்களை ஏறக்குறைய 25 ஆண்டுகள் கவனித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். உடற்பயிற்சியே இல்லாதவர்களைவிட, மெல்லோட்டம் ஓடியவர்களின் ஆயுள் சுமார் 3 ஆண்டு கூடுதலாக இருந்தது. ஷட்டில் ஆடியவர்களுக்கு 6 ஆண்டு, டென்னிஸ் ஆடியவர்களுக்கு ஏறக்குறைய 10 ஆண்டு. விளையாட்டு மட்டுமே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. வசதியும் வாழ்க்கை முறையும் சேர்ந்திருக்கலாம். ஆனால் இன்னொருவரோடு சேர்ந்து ஆடுவதில் கிடைக்கும் உறவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே கருதினார்கள். நான் பார்த்தவரை அது ரொம்ப உண்மை.

அப்புறம் அந்த உறுத்தல். ஓய்வும் ஓய்வுநேரமும் ஒவ்வொருவரின் உரிமை என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 24ஆம் பிரிவில் சொல்கிறது. குழந்தைகளுக்கு மட்டும் என்று அங்கே எழுதவில்லை. வாரத்தில் இரண்டு மாலைகளை இப்போதே குறித்துவிடுங்கள். அந்த இரண்டு நாளும் மாத்திரை கொடுப்பது கணவர் பொறுப்பு, பையன் தானே உட்கார்ந்து படிக்கட்டும். 'முடிந்தால் வருகிறேன்' என்று தோழியிடம் சொல்லாதீர்கள். நாளும் நேரமும் சொல்லுங்கள். ஒருவர் நமக்காகக் காத்திருக்கிறார் என்றால் கால் தானாகக் கிளம்பும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இதையும் வேலையாக்கிவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் ஆசையாக ஆட ஆரம்பித்தார். பிறகு கைக்கடிகாரத்தில் கலோரி பார்க்கத் தொடங்கினார். எண்ணிக்கை குறைந்த நாளெல்லாம் முகம் வாடி வீடு திரும்பினார். கடைசியில் ஆட்டத்தையே விட்டுவிட்டார். எடை குறைகிறதா என்று நீங்கள் பார்க்கவே வேண்டாம். சிரித்தீர்களா, அது போதும்.

உடம்பைக் கொஞ்சம் கவனியுங்கள். நெடுநாள் விட்டுவிட்டு நடுவயதில் ஷட்டிலுக்குத் திரும்புகிறவர்களுக்குக் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் அறுந்துபோவது உண்டு. பத்து நிமிடம் நடந்து, கெண்டைக்காலை நீட்டி மடக்கிவிட்டு ஆட்டத்தில் இறங்குங்கள். வழுக்காத ரப்பர் அடி ஷூ கட்டாயம். முதல் மாதம் இரட்டையர் ஆட்டமே போதும், ஓட்டம் பாதியாகும். முட்டிவலியோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பந்து நைலானில் வாங்குங்கள். இறகுப் பந்து பழகும் கைகளில் சீக்கிரம் பிய்ந்துவிடும்.