பழைய கொழும்பு வீடுகளின் உட்சுவர்: கேள்வி பதில்

கொட்டாஞ்சேனையில் அப்பப்பா கட்டிய வீடு, அண்ணா. முன்னறைச் சுவரின் அடிப்பாகத்தில் பெயின்ற் கொப்பளித்து உரிகிறது. எத்தனை தடவை அடித்தாலும் இதே கதை. விலை கூடிய பெயின்ற்தான் வாங்குகிறோம்.

விலை கூடியதாக இருப்பதுதான் தொல்லை, தம்பி. அந்தக் காலத்துச் சுவர் கபொக் என்ற செம்புரைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். நிலத்து ஈரத்தை உறிஞ்சும். பூச்சின் வழியாகவே அதை வெளியே விட்டுவிடும். மேலே எமல்ஷன் என்ற பிளாஸ்டிக் பெயின்ற் அடித்து வழியை அடைத்தால், ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளுகிறது. உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும்.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். கூரைப் பீலி ஒழுகுகிறதா? முற்றத்துக் கொங்கிறீட் வீட்டுத் தரையைவிட உயர்ந்துவிட்டதா? அதைச் சரிசெய்யாமல் தூரிகையைத் தொட வேண்டாம். உள்ளே யாராவது சீமெந்து பூசியிருந்தால் அதையும் உடைத்து, சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்து பூசுங்கள். சீமெந்துக்குப் பின்னால் ஈரம் அடங்கிக் கிடக்காது; அதற்கு மேலே ஏறி முகங்காட்டும். உங்கள் பகுதியின் வூல்பெண்டால் தேவாலயம் 1757இல் முடிந்த கட்டடம். ஏறக்குறைய ஐந்தடித் தடிப்புள்ள அதன் சுவர்களும் கபொக்கும் சுண்ணாம்பும்தான்.

அப்படியானால் சுண்ணாம்பு அடிக்க எங்கள் மேசன் பாஸ் தயார். ஆனால் ஒட்டாது என்று வெள்ளைப் பசை கலக்கச் சொல்கிறார்.

பசை கலந்தால் நீங்கள் மறுபடியும் பிளாஸ்டிக் பக்கம் போகிறீர்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித் தானே கல்லாகும். ஒட்டாமல் போவதற்குக் காரணம், காய்ந்த சுவரில் தடிப்பாக அடிப்பது. சுவரை நனையுங்கள். பால் பதத்தில் கரைத்து, மெல்லிதாக நாலைந்து கை அடியுங்கள். அடிக்கும்போது தண்ணீர் மாதிரித்தான் தெரியும். காயக் காய வெளுக்கும். அதுவரை பாஸ் பொறுக்க வேண்டும், பெரும்பாலும் பொறுக்க மாட்டார். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

நிறம் வேண்டுமானால் காவி, மஞ்சள் மண் போன்ற மண் நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும்.

தீபாவளிக்கு முன் முடிக்கலாமா?

ஒக்டோபர், நவம்பர் கொழும்பில் கொட்டும் மழைக் காலம். பொங்கல் கழியட்டும். மாசியில் தொடங்கினால் சித்திரை வருடப் பிறப்புக்கு வீடு தயார்.

முதன்முதலில் என்ன நிறம் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, ஐயா?

எனக்கு மிகவும் பிடித்த வேலை. அலுமாரிக்குப் பின்னால், வெயில் படாத இடத்தில், ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குக் கூரிய கத்தியால் படிப்படியாகச் சுரண்டுங்கள். வளையம் வளையமாகப் பழைய நிறங்கள் வரும். அடியில் இருப்பதுதான் ஆதி நிறம் என்று துள்ள வேண்டாம். அது வெறும் அடிப்பூச்சாக இருக்கலாம். பூதக்கண்ணாடியில் இரு பூச்சுகளுக்கு இடையே கறுப்பாக அழுக்குக் கோடு தெரிந்தால், கீழே உள்ள பூச்சு சில காலம் வீட்டார் கண்ணெதிரே இருந்தது என்று கொள்ளலாம். எண்ணெய்ப் பூச்சு இருட்டில் மஞ்சளிக்கும். சுரண்டிய இடத்தில் சில நாள் பகல் வெளிச்சம் விழவிட்டுப் பிறகு நிறத்தை ஒப்பிடுங்கள்.

வால்பேப்பர் ஒட்டினால் என்ன?

பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பதாக இருந்தால் ஒட்டுங்கள்.

அனுமதி எடுக்க வேண்டுமா?

1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவித்த கட்டடமென்றால், தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கைவைக்கக் கூடாது.

பழைய கதவு, யன்னல் பெயின்ற்றை மெஷின் வைத்துத் தேய்க்கலாமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

கூடவே கூடாது, தங்கச்சி. பழைய எண்ணெய்ப் பெயின்ற்றில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர் தேய்ப்பும் நெருப்பால் வாட்டுவதும் அதைக் காற்றில் கலந்துவிடும். பிடிப்பு நன்றாக இருந்தால் கழுவி, அதன் மேலேயே அடிக்கலாம். எடுத்தே தீரவேண்டுமானால் நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். அது முடியும்வரை குழந்தையோடு அம்மா வீட்டில் இருந்துவிட்டு வாருங்கள்.