இயற்கையை மட்டும் வரைந்து, செதுக்கிப் பிழைக்க முடியுமா?

"இயற்கையை மட்டுமே கருவாக வைத்து ஓவியமும் சிற்பமும் செய்தால் வாழ்க்கை ஓடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வருடம் படிக்கிறீர்கள், வீட்டில் "டிராயிங் மாஸ்டர் வேலைக்காவது போ" என்று ஆரம்பித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஓடும். ஆனால் அது ஒன்றை மட்டும் நம்பினால் ஓடாது.

இப்படிச் சொன்னால் கலையை வியாபாரமாக்குகிறான் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்குப் பக்கத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை ஆரம்பித்தார்களே, பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவது) முதலான கைவினைப் பொருட்களை விற்றுச் சேர்த்த காசுதான் அதற்குக் கைகொடுத்தது. பணிக்கருக்கே அப்படி என்றால் நமக்கு என்ன கௌரவம்?

என் கதைக்கு வருகிறேன். ஊர் பண்ருட்டிப் பக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது நானும் கடைசி வருடம். ஒரே காலையில் அப்பாவின் பலா மரங்கள் பதினொன்று சாய்ந்துவிட்டன. வீணை செய்யப் போகிற மரம் அது. ஊர் முழுக்க விழுந்து கிடந்ததால் வியாபாரிகள் சொன்னதுதான் விலை. அடிமரத்தை அறுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். வேர்க்கட்டையை மட்டும் யாரும் தொடவில்லை.

அதில் ஒன்றை எடுத்துக் கழுவி, ஒரு பெண்ணுருவம் செதுக்கப் பார்த்தேன். வேருக்குள் சிக்கியிருந்த கல் பட்டு உளி முனை போனதுதான் மிச்சம். அப்புறம் வேர் போகிற வழியிலேயே போனேன். வெளிப்பக்கத்து வெளிர் பாகத்தை மட்டும் எடுத்துவிட்டு, உள்ளே வைரம் பாய்ந்த கெட்டிக் கட்டை எப்படி வளைந்திருந்ததோ அப்படியே விட்டேன். செதுக்கிய புதிதில் மஞ்சளாக இருந்தது, மாதங்கள் போகப் போகப் பழுப்பேறியது. அந்த நிற மாற்றத்தைப் பார்த்துப் பார்த்து ஏழு கேன்வாஸ் வரைந்தேன். ஒன்றும் விற்கவில்லை. வேர்ச் சிற்பம் 40,000 ரூபாய்க்குப் போனது. கேலரி கமிஷன் போகக் கைக்கு வந்தது 24,000.

அந்தக் கண்காட்சியில் ஒருவர், "இது பெனோனே செய்ததுதானே?" என்றார். எனக்கு அந்தப் பெயரே தெரியாது. தேடிப் பார்த்தேன். இத்தாலியச் சிற்பி. 1969-லேயே அறுத்த மர உத்தரத்தில் மரத்தின் வயதைக் காட்டும் வளையங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டே செதுக்கிப் போய், அந்த மரம் இளங்கன்றாக இருந்த உருவத்தை வெளியே எடுத்திருக்கிறார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது யோசித்தால், அவர் மரத்துக்குள்ளே போனார், நான் மண்ணுக்குள்ளே போனேன். காப்பி என்பவர்கள் என்பார்கள்.

பிறகு கடற்கரைச் சாலையில் ஒரு விடுதிக்காரர் அதே மாதிரி ஆறு கேட்டார். விழுந்த மரத்து வேர் அவ்வளவு நல்லதாக மிச்சமில்லை என்றேன். "நிற்கிற மரத்தைத் தோண்டிக் கொடுங்களேன், காசு தர்றேன்" என்றார். முடியாது என்றுவிட்டேன். என்னைக் கொள்கைவாதி என்று நினைக்க வேண்டாம். அந்த மாதம் வாடகை பாக்கி இருந்தது, அன்று இரவெல்லாம் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

இதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கண்காட்சி முடிந்து விற்காத கேன்வாஸ்களோடு பஸ் ஏறினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். பக்கத்து ஆளின் மூன்று பலாப்பழத்துக்கு ஒன்றுமில்லை! கேட்டதற்கு, "அது சாப்பிடுற பொருள் சார்" என்கிறார்.

இப்போது கேட், கிரில் வெல்டிங் செய்கிறேன், வருடத்தில் நாலு மாதம் சிற்பம். நீங்களும் ஏதாவது ஒரு கைத்தொழிலைப் படிக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள். எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இன்னும் இரண்டு வேர்க்கட்டைகள் கிடக்கின்றன. கொஞ்சம் கரையான் அரித்தவை. ஒன்றின் மேல் அம்மா வரட்டி காயவைக்கிறார், அதனால் இப்போதைக்கு அதைத் தொட முடியாது.