முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

கேள்வி: தக்கலைப் பக்கம் சவுண்ட் சர்வீஸும் ஜெனரேட்டர் வாடகையும் நடத்துகிறேன். கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாணம் என்று மாசத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் ஜெனரேட்டர் டிராலியை இழுக்க வேண்டும். டிராலியோடு சேர்த்து எடை போட்டதில் 1,150 கிலோ வந்தது. இதுவரை வாடகை வண்டிதான். இனி சொந்தமாக ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கி, மற்ற நாட்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் நாகர்கோவில் போய் வரவும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இசுசு வீ-கிராஸ் எடு, இழுவை அதிகம் என்கிறான் தம்பி. பொலேரோ கேம்பர் போதும் என்கிறார் மெக்கானிக். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அண்ணே?
(தக்கலை வாசகர்)

பதில்: டிராலியை எடை மேடையில் ஏற்றிப் பார்த்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும் தம்பி. இந்தக் கேள்வியோடு எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப்பேருக்குத் தாங்கள் இழுக்கிற எடை என்னவென்றே தெரியாது.

அந்த 1,150 கிலோவை வைத்தே ஆரம்பிக்கிறேன். டி-மேக்ஸ் (வீ-கிராஸ் அந்தக் குடும்பம்தான்), ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளுக்கு வெளிநாட்டு விளம்பரங்களில் 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருப்பார்கள், உங்கள் தம்பியும் அதைத்தான் பார்த்திருப்பார். ஆனால் அது டிரெய்லருக்குத் தனியாக பிரேக் இருந்தால் மட்டும். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே கம்பெனிகள் அதே வண்டிக்கு 750 கிலோவோடு நிறுத்திக்கொள்கின்றன. நம்ம ஊரில் ஓடுகிற ஜெனரேட்டர் டிராலிகளில் நான் பார்த்தவரை பலவற்றில் பிரேக்கே கிடையாது, ஒரு கொக்கி, ஒரு பின், அவ்வளவுதான். இழுப்பதற்கு எந்த எஞ்சினும் இழுத்துவிடும். பேச்சிப்பாறைப் பக்கத்து இறக்கத்தில் மழை நேரத்தில் முன்னால் ஒரு ஆட்டோ சட்டென்று நின்றால், பின்னால் இருக்கிற ஒரு டன்னுக்கு மேலான இரும்பை நிறுத்துவது யார்? உங்கள் வண்டியின் நான்கு சக்கரம் மட்டும்தான். அதனால் எந்த வண்டி வாங்கினாலும் சரி, டிராலிக்கு ஓவர்ரன் பிரேக் வைக்கிற செலவை வண்டி விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். முன்வண்டி வேகம் குறையும்போது டிராலி முன்னால் தள்ளும் இல்லையா, அந்தத் தள்ளலிலேயே அதன் பிரேக் பிடிக்கும். கம்பியோ ஏர் குழாயோ வேண்டாம்.

இன்னொன்றும் அதோடு சேர்த்துச் செய்யுங்கள். ஜெனரேட்டர் டிராலியின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் உட்கார வேண்டும், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, உங்களுக்கு நூறு கிலோவை ஒட்டி, கொக்கியின் மேல் இறங்க வேண்டும். பின்பாரம் கூடிவிட்டால் வேகம் எடுக்கும்போது டிராலி வாலாட்ட ஆரம்பிக்கும், அப்புறம் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்காது. பாதுகாப்புச் சங்கிலி, பின்விளக்கு, இண்டிகேட்டர் மூன்றும் கட்டாயம்.

சரி, வண்டிக்கு வருவோம். நம்ம மாவட்டத்தில் பழைய பிக்கப் வாங்கும்போது எல்லோரும் பானெட்டைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள், நான் முதலில் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுப்பேன். இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பிக்கப் வாங்கினேன். எஞ்சின் அருமை, புகை இல்லை, அடியில் பளபளவென்று கறுப்பு பெயின்ட், நன்றாகப் பராமரித்த வண்டி என்று நம்பிவிட்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு பிராக்கெட் வெல்டிங் செய்யப் பட்டறைக்குக் கொண்டுபோனால், வெல்டர் சுத்தியலால் தட்டிய இடத்தில் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், அப்பளமாக உதிர்ந்தது. விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அது நான்கு வருடம் கடற்கரையில் மீன் லோடு அடித்த வண்டி. ஐஸ் கரைந்து மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத்தண்ணீர் லோடு பாடி வழியாக நேரே சேஸிஸில்தான் விழும், சட்டத்துக்கு உள்ளே தங்கி உள்ளிருந்தே அரிக்கும். எஞ்சின் போனால் பணம் செலவழித்து வேறு எஞ்சின் போடலாம், சேஸிஸ் போனால் வண்டியே போச்சு. அதுவும் நீங்கள் இழுவைக்கு வாங்குகிறீர்கள், கொக்கி மாட்டுவதே அந்தச் சட்டத்தின் பின்முனையில்தான்.

ஆகவே ஒரு ஸ்க்ரூடிரைவரும் சின்ன சுத்தியலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போங்கள். பின்சக்கரத்துக்கு மேலே சட்டம் வளைகிற இடம், ஸ்பிரிங் தொங்குகிற பிராக்கெட், கேபினும் லோடு பாடியும் சட்டத்தில் உட்காருகிற இடங்கள், இதையெல்லாம் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்தது மந்தமாகக் கேட்கும். புதுசாக அடித்த கறுப்புப் பூச்சைக் கண்டால் சந்தோஷப்படாதீர்கள், எதற்காக அடித்தார்கள் என்று கேளுங்கள். முடிந்தவரை கடற்கரை ஊர் வண்டியைத் தவிர்த்து உள்பகுதியில் காய்கறி, வாழைத்தார், பலசரக்கு ஏற்றிய வண்டியாகத் தேடுங்கள். குவாரிக் கல், எம்-சாண்ட் அடித்த வண்டி வேறு கதை. அதில் துரு இருக்காது, ஆனால் ஸ்பிரிங்கில் கூடுதல் பிளேட் சேர்த்திருப்பார்கள், சட்டத்தில் விரிசலும் வெல்டிங் தழும்பும் இருக்கும். அதுவும் வேண்டாம்.

வீ-கிராஸா கேம்பரா? 2016-ல் இங்கே வந்த 2.5 லிட்டர் வீ-கிராஸ் 134 குதிரைத்திறன், முறுக்குவிசை 320 நியூட்டன் மீட்டர். கேம்பரின் 2,523 சிசி எஞ்சின் வருஷத்தைப் பொறுத்து 63-லிருந்து 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டரை ஒட்டி. காகிதத்தில் பார்த்தால் உங்கள் தம்பி சொல்வதுதான் சரி, ஏற்றத்திலும் வீ-கிராஸ் சிரமமே இல்லாமல் போகும், உள்ளே உட்கார்ந்து போகவும் சுகம். ஆனால் நீங்கள் ஜெனரேட்டரோடு எவ்வளவு வேகத்தில் போகப் போகிறீர்கள்? நாற்பது, ஐம்பது. அந்த வேகத்துக்கு கேம்பர் தாராளம். வீ-கிராஸின் நீளம் 5.3 மீட்டர், அதற்குப் பின்னால் டிராலி வேறு. கோயில் சந்நிதித் தெருவிலும் சர்ச் பின்பக்கத்து ஒழுங்கையிலும் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒவ்வொரு அடியும் உங்களுக்குக் கணக்கு. ஒரு திருவிழா ராத்திரியில் வண்டி மக்கர் செய்தால் கேம்பருக்குக் குலசேகரத்திலும் ஆள் கிடைப்பார், கருங்கலிலும் ஆள் கிடைப்பார், உதிரி பாகம் அன்றைக்கே கிடைக்கும். என் வாக்கு உங்கள் மெக்கானிக்குக்குத்தான். ஒன்றை மட்டும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பாரம் இல்லாமல் போகும்போது கேம்பர் பின்பக்கம் தூக்கிப் போடும், பிள்ளைகள் முதல் வாரம் புகார் சொல்லும்.

டாடா செனானும் மஹிந்திரா கெட்டவேயும் கூட கேம்பர் மாதிரி டபுள் கேப்தான் (இரண்டு வரிசை இருக்கை), நல்ல இழுவை வண்டிகள்தான். கெட்டவே நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்கலாம், ஸ்கார்பியோ எஞ்சின் என்பதால் மெக்கானிக்குப் பஞ்சம் இல்லை. செனானுக்கு பாடி பாகங்களுக்கு அலைய வேண்டி வரும்.

தினசரி ஓட்டத்தைப் பற்றி யாரும் யோசிக்காத ஒரு விஷயம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் பெரும்பாலும் சைலன்ஸர் வரிசையில் டிபிஎஃப் என்று ஒரு கரி வடிகட்டி இருக்கும். அது பிடித்த கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, எஞ்சின் சூடாகி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு மூன்று கிலோமீட்டர், கடைக்கு இரண்டு கிலோமீட்டர் என்றே ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொண்டு விளக்கு எரியும், சுத்தம் செய்யப் பெரிய செலவு. உங்கள் ஓட்டத்துக்கு 2017-லிருந்து 2020 வரைக்குமான, அதற்கு முந்தைய பிஎஸ்4 விதிப்படி வந்த வண்டி பொருத்தம். பிஎஸ்6தான் கிடைக்கிறது என்றால் வாரம் ஒருமுறை நாகர்கோவிலைத் தாண்டி நான்கு வழிச்சாலையில் ஒரு அரைமணி நேரம் ஓட்டிவிடுங்கள்.

எஞ்சின் சோதனை உங்கள் மெக்கானிக்குக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் போங்கள், நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் திரும்பிவிட்டு இன்னொரு நாள் போங்கள். வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், குபுகுபுவென்று புகை வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. கிளட்சுக்கு ஏற்றத்தில் சோதனை வையுங்கள். முடிந்தால் விற்கிறவரின் சம்மதத்தோடு உங்கள் டிராலியையே மாட்டி ஒரு சுற்றுப் போய் வாருங்கள், இதைவிட நல்ல சோதனை கிடையாது.

கடைசியாகக் காகிதம். வாடகைத் தொழிலுக்கு மஞ்சள் போர்டே நேர்வழி. எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். ஆர்.சி.யில் மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம், எனவே அந்த எண்ணைப் பாருங்கள். இருக்கை ஐந்து என்று இருக்கிறதா என்றும் பாருங்கள், பிள்ளைகள் ஏறப்போகிறார்கள். சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸே போதும், 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. டிராலிக்கும் பதிவு வேண்டும் தம்பி. பழுதான வண்டியை விட்டால், பதிவு செய்த டிரெய்லரைத்தான் ரோட்டில் இழுக்கலாம் என்பது விதி. இன்சூரன்ஸிலும் டிராலியைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், விபத்து நடந்த பிறகு கேட்டால் ஒன்றும் நடக்காது.

கேள்வி: களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் கே.எல்-20 நம்பரில் ஒரு பிக்கப் நம்ம ஊர் விலையைவிட நன்றாகக் குறைத்துக் கிடைக்கிறது. வாங்கலாமா? அதே நம்பரில் ஓட்டினால் என்ன?
(குழித்துறை வாசகர்)

பதில்: வாங்கலாம். அதே நம்பரில் காலத்துக்கும் ஓட்ட முடியாது. வேறு மாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் தங்கினால் இங்கே பதிவு செய்தாக வேண்டும். கே.எல்-20 நம்பர் கொடுக்கிற நெய்யாற்றின்கரை போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், வண்டியில் கடன் இருந்தால் அதற்கு முன்னால் படிவம் 35 போட்டு ஆர்.சி.யிலிருந்து அந்தக் கடனை நீக்க வேண்டும், பிறகு மார்த்தாண்டத்தில் நம்ம மாநில வரி கட்டி டி.என்-75 எண் வாங்க வேண்டும். கேரளத்தில் கட்டிய வரியைக் காட்டி இங்கே கழித்துக்கொள்ள முடியாது. இந்தச் செலவையும் அலைச்சலையும் கூட்டிப் பாருங்கள், விலைக் குறைவில் பாதி அதிலேயே போய்விடும். சான்று கையில் வரும் வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

விலை ரொம்பக் குறைவு என்றால் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பார்க்க வேண்டும். கேரளத்தில் 2018-ல் மூழ்கிய வண்டிகள் உண்டு, நம்ம பக்கத்திலேயே 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது தூத்துக்குடி மாவட்டத்தில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் மறைக்க முடியாது. சீட்டுக்கு அடியில் போல்ட் துரு, டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர் சாக்கெட்டில் பச்சைப் பூப்பு, இவையும் காட்டிக் கொடுக்கும்.

கேள்வி: ஃபைபர் வள்ளத்தை டிரெய்லரில் வைத்துக் கரைக்கும் பட்டறைக்கும் இழுக்க ஒரு பிக்கப் தேடுகிறேன். 4×4 தான் வேண்டுமா?
(முட்டம் வாசகர்)

பதில்: மணலில் இறங்கி இழுப்பதாக இருந்தால் ஆமாம், 4×4 (நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவை போகிற வண்டி) வேண்டும். சிமெண்ட் சரிவு வரைக்கும் மட்டும் என்றால் வேண்டாம், அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு வருடம் புதிய வண்டி கிடைக்கும். மணலில் டயர் காற்றைப் பாதிக்குக் கிட்டக் குறைத்தால் பாதிப் பிரச்சினை தீரும், தார் ரோட்டுக்கு ஏறியதும் மறக்காமல் நிரப்புங்கள், 4×4-ஐயும் அங்கேயே விலக்கிவிடுங்கள், காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டினால் கியர் பாகங்கள் முறுக்கிக்கொண்டு தேயும்.

வள்ளத்தை இறக்கும்போது டிரெய்லர் சக்கரம் கடல் தண்ணீரில் மூழ்கும். ஓடி வந்த சூட்டோடு ஹப் (பேரிங் இருக்கிற சக்கரத்தின் நடுப்பகுதி) சட்டென்று குளிர்ந்தால் உப்புத்தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், சில வாரத்தில் பேரிங் போய்விடும். கரைக்கு வந்ததும் கால்மணி நேரம் ஆறவிட்டு அப்புறம் தண்ணீரில் இறக்குங்கள், அன்றைக்குச் சாயங்காலமே வண்டி அடியையும் டிரெய்லரையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், மாசத்துக்கு ஒருமுறை பேரிங்கைக் கழற்றிப் புது கிரீஸ் வையுங்கள்.