செமினார் வகுப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

முதுகலை இயற்பியல் வகுப்புகளில் நெடுநாளாகச் செமினார் நடத்தி வருகிறேன். அதைப் பற்றிக் கேட்க நினைப்பதை எழுதச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

மேடம், எங்கள் வகுப்பில் வாரம் ஒருவர் செமினார் எடுக்கிறோம். ஸ்லைடை வாசித்து முடித்து “எனி டவுட்ஸ்?” என்போம். யாரும் வாய் திறப்பதில்லை. கைதட்டிவிட்டுக் கலைகிறோம். இதுதான் செமினாரா? (எம்.எஸ்சி. மாணவி)

இல்லை அம்மா, அது மாணவர் நடத்தும் லெக்சர். எதையும் படிக்காமல் வந்து உட்கார்ந்தால் கேள்வி எங்கிருந்து வரும்? அன்று பேசப்போகும் ஆய்வுக் கட்டுரையை எல்லாரும் முன்னதாகவே படித்து வரவேண்டும். பேசுபவர் அதை முழுக்க ஒப்பிக்க வேண்டாம். தனக்கு எது புரிந்தது, எந்தச் சமன்பாட்டில் இடிக்கிறது என்று சொல்லட்டும். அப்புறம் பேச்சு தானாகச் சூடுபிடிக்கும்.

இந்த முறை எங்கே தொடங்கியது?

ஜெர்மனியில். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1738-இல் மொழியறிஞர் கெஸ்னர் தொடங்கிய செமினார் கிரேக்கம், லத்தீன் கற்பிக்கும் ஆசிரியர்களைத் தயார் செய்தது. அடுத்த நூற்றாண்டில் பெர்லினில் வரலாற்றாசிரியர் ரான்கே சில மாணவர்களைத் தன் வீட்டுக்கே வரவழைத்தார். இடைக்கால ஆவணங்களைக் கொடுத்து, எதை எவ்வளவு நம்பலாம் என்று அவர்களையே அலச வைத்தார். ஆராய்ச்சி மாணவன் அந்த மேசையில்தான் உருவானான் என்பேன்.

நான் பேசும்போது துறைத்தலைவர் குறுக்கே குறுக்கே கேட்கிறார். மானம் போகிறது. (ஆய்வு மாணவர்)

தம்பி, மாஸ்கோவில் கணிதமேதை கெல்ஃபாண்ட் நடத்திய கணித செமினாரை நினைத்துக்கொள்ளுங்கள். 1943-இல் தொடங்கி நாற்பது வருடங்களுக்கு மேல் நடந்தது. திங்கட்கிழமை மாலைகளில் பேராசிரியர்களோடு பள்ளி மாணவர்களும் வந்து உட்காருவார்கள். பேசுபவரை அவர் பாதியில் நிறுத்துவார். கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவரைக் கரும்பலகைக்கு அழைத்து, “இவர் இப்போது சொன்னதை நீ விளக்கு” என்பார். அந்த மாணவருக்குப் புரியவில்லை என்றால் பேசுபவர் மறுபடி விளக்கியாக வேண்டும். கடுமைதான், ஆனால் புரியாததை யாரும் தலையாட்டிக் கடக்க முடியாது. உங்கள் துறைத்தலைவர் கவனித்துக் கேட்கிறார் என்பதே நல்ல செய்தி.

தமிழ் மீடியத்தில் படித்தவன். ஆங்கிலத்தில் கேட்கப் பயம்.

தமிழிலேயே கேளுங்கள். பக்க எண்ணையும் வரியையும் முதல் நாளே குறித்துவைத்தால் பாதி பயம் போய்விடும்.

நம் ஊரில் செமினாரால் ஏதாவது நடந்திருக்கிறதா?

ஒரு நிறுவனமே பிறந்திருக்கிறது! 1950-களின் இறுதியில் பேராசிரியர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸில் கோட்பாட்டு இயற்பியல் செமினார் நடத்தினார். 1960-இல் சென்னை வந்த, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் நீல்ஸ் போர் அந்தச் சிறு மாணவர் குழுவைச் சந்தித்து வியந்து பாராட்டினார். அது நேருவின் காதுக்கும் எட்டியது. மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியமும் துணை நின்றார். 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. இன்று தரமணியில் இருப்பது அதுதான். வீட்டுக்கூடத்தில் கூடிய மாணவர்களிடமிருந்து வந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

என் வகுப்பில் அறுபது பேர். எப்படி நடத்துவது? (உதவிப் பேராசிரியர்)

ஒரே அறையில் முடியாது சார். நான்கு குழுவாகப் பிரியுங்கள். ஒருவர் பேச, இன்னொருவருக்கு மறுத்துக் கேட்கும் பொறுப்பைக் கொடுங்கள். இன்டர்னல் மதிப்பெண்ணில் பாதியைக் கேள்வி கேட்பவர்களுக்கு ஒதுக்கிவிடுங்கள்.