கட்டிலுக்குக் கீழே 63 புத்தகங்கள்

அன்பின் அக்காவுக்கு,

நிலாவெளியிலிருந்து எழுதுகிறேன். ஆசிரியையாக இருக்கிறேன். உங்கள் நாவல்கள் எல்லாவற்றையும் வாசித்திருக்கிறேன், ஒன்றைக்கூட இரண்டு நாளுக்கு மேல் கையில் வைத்திருந்ததில்லை. போன கிழமை வீடு துப்புரவாக்கும்போது, நான் வாங்கி வாசிக்காமல் கட்டிலுக்குக் கீழே போட்டிருக்கும் புத்தகங்களை இவர் எண்ணிப் பார்த்தார். 63. (காதல் நாவல்களை நாங்கள் எண்ணவில்லை. அவை இலேசானவை, எப்படியும் ஓடிவிடும்.) விலையும் இப்போது தாங்க முடியவில்லை. அதனால் இவ்வளவையும் முடிக்கும்வரை புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை ஊரில் நடக்கும் கவிதைப் புத்தக வெளியீட்டுக்கும் போகாமல் விடலாம் என்று யோசிக்கிறேன், போனால் வாங்க வேண்டி வரும். நீங்கள் வருடத்துக்கு எத்தனை வாசிப்பீர்கள்? காதல் கதை எழுதுகிற நீங்கள் காதல் கதைகளைத்தான் வாசிப்பீர்களா? வாசிக்காமல் சேர்ந்து போனவற்றை என்ன செய்வீர்கள்?

வி.

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த நேரம் நான் விறாந்தையில் பாய் விரித்துப் புத்தகங்களுக்கு வெயில் காட்டிக்கொண்டிருந்தேன். மாரி தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு வருடமும் செய்கிற வேலை. நம்முடைய கடற்காற்று உங்களுக்குத் தெரியும். பின் அடித்த புத்தகம் என்றால் கம்பி துருப்பிடித்து நடுத்தாளில் கறை ஊறிவிடும். ஒவ்வொன்றாகத் தட்டித் துடைக்கும்போது, பாயில் கிடந்ததில் பாதிக்கு மேல் நான் இன்னும் வாசிக்காதவை என்பதைக் கண்டேன். அதை நினைத்துக்கொண்டு இருந்தபோதுதான் உங்களுடைய 63 வந்து சேர்ந்தது.

வருடத்துக்கு எத்தனை என்று நான் எண்ணுவதில்லை. நீங்களும் எண்ண வேண்டாம். பள்ளிக்கூடத்தில் புள்ளி போடுவது போதும்.

நாவல் எழுதுகிற மாதங்களில் காதல் கதைகளைத் தொடமாட்டேன். இன்னொருவருடைய கதாநாயகி பேசுகிற மாதிரி என்னுடையவளும் பேசத் தொடங்கிவிடுவாள். அந்த நாட்களில் மீன்பிடி, வேளாண்மை, பழைய சமையல் குறிப்பு, காணிச் சட்டம் என்று கைக்கு வந்ததை வாசிப்பேன். எழுதி முடித்த பிறகு இரண்டு மூன்று கிழமை காதல் கதைகள் மட்டும்தான். கொழும்பிலிருந்து வரும் இரவு ரயிலில் வாசிக்கத் தொடங்கினால், கல்ஓயாச் சந்தியில் வண்டி நிற்கிறபோது கதை பாதி தாண்டியிருக்கும், சீனன்குடாவில் விடிகிறபோது முடிந்திருக்கும்.

ஆனால் அந்த அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாளில் முடிந்தால் அது இலேசானதா? கீழே வைக்க முடியாமல் வாசித்தீர்கள் என்று சொல்லுங்கள். 1895 இல் 'மோகனாங்கி' எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை நம்முடைய திருகோணமலையில் பிறந்தவர். சென்னையில் மாநிலக் கல்லூரியில் நூலகராக இருந்தவர். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுகிற அந்தப் புத்தகத்துக்கு, நாயக்கர் காலத்துக் காதல் ஒன்றைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். ஓலைக்கும் ஏட்டுக்கும் நடுவில் இருந்த மனிதர் காதலை இலேசாக நினைக்கவில்லை. நீங்கள் மட்டும் ஏன் நினைக்கிறீர்கள்? உங்கள் அவரிடம் மீண்டும் எண்ணச் சொல்லுங்கள், காதல் நாவல்களையும் சேர்த்து.

இனி அந்தச் சத்தியம். அதை இன்றைக்கே கைவிடுங்கள்.

விலை ஏறியது உண்மை, நான் மறுக்கவில்லை. 2021 இல் இந்தியப் புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் விலையை நம் காசுக்கு மாற்ற இரண்டே முக்காலால் பெருக்கினோம். 2022 நடுவில் அதே கணக்கு நாலரையைத் தாண்டியது. 300 ரூபாய்ப் புத்தகம் 800 சொச்சத்திலிருந்து 1400க்குப் போனது. பத்திரிகை அச்சடிக்கவும் பரீட்சை வைக்கவும்கூட நாட்டில் தாள் இல்லாமல் போன வருடம் அது. இந்தியப் புத்தகத்தை நீங்கள் ஒத்திப்போட்டால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அது அங்கே இருக்கும், மறுபதிப்பு வரும், யாராவது கொண்டுவருவார்கள்.

நம்முடைய புத்தகங்கள் அப்படி இல்லை, தங்கச்சி. இங்கே ஒருவர் கவிதைத் தொகுப்புப் போட்டால் 300 பிரதி, கூடினால் 500. அச்சுக்காசு பெரும்பாலும் அவருடைய சம்பளம், இல்லாவிட்டால் மனைவியின் காப்பு. வெளியீட்டு விழாவில் கொஞ்சம் போகும், மிச்சம் அவர் வீட்டு அறையில் பெட்டியோடு இருக்கும். நம் ஊர்க் கடைகளில் வைத்து விற்க ஆள் கிடையாது. கடைக்குப் போனால் பாடப்புத்தகமும் கடந்தகால வினாத்தாளும்தான். இரண்டாம் பதிப்பு என்பது நூற்றில் ஒருவருக்கு நடந்தால் பெரிய காரியம். 'பிறகு வாங்கலாம்' என்று நான் விட்ட ஈழத்துப் புத்தகங்களின் பெயர்கள் எனக்கு மனப்பாடம். பிறகு கிடைக்கவே இல்லை. எழுபதுகளில் வீரகேசரி பிரசுரமாக வந்த நாவல்களை வீட்டுக்கு வீடு கைமாற்றி வாசித்தார்கள். இன்று ஒன்றை முழுதாக, அட்டையோடு காட்டுங்கள் பார்ப்போம். மோகனாங்கியின் பெயரை நான் சின்ன வயதிலேயே கேட்டேன், புத்தகத்தைக் காண எத்தனையோ வருடம் சென்றது. 1981 இல் யாழ்ப்பாணத்தில் எரிந்த நூலகத்தில் சுமார் 97,000 புத்தகங்கள். வேறு எங்கும் பிரதி இல்லாதவையும் அதற்குள் இருந்தன. 2005 இலிருந்து 'நூலகம்' என்ற இணைய நூலகத் திட்டத்துப் பிள்ளைகள் தேடித் தேடி மின்பிரதி எடுக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பிரதிகள் எங்கிருந்து வருகின்றன என்று நினைக்கிறீர்கள்? யாரோ ஒருவர் வாங்கி, ஒருவேளை வாசிக்காமலே, அலுமாரியில் வைத்திருந்தார். அதனால் வருகின்றன. வாசிக்க நேரம் வரும்போது வாங்குவேன் என்று அவர் இருந்திருந்தால் இன்று எதை ஸ்கேன் பண்ணுவது?

இதை இவ்வளவு சத்தமாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

எங்கள் வீட்டில் வாசிக்காத புத்தகம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அம்மா ஒன்றை முடித்துத்தான் மற்றதை வாங்குவார், உங்கள் சத்தியத்தைப் போலவே. 83 கலவரத்துக்குப் பிறகுதான் இப்படி ஆனார் என்று மாமி சொல்வார். தூக்கிக்கொண்டு ஓட முடியாததை வீட்டில் சேர்க்கக் கூடாது என்பது அவருடைய எண்ணம். 1990 ஆனியில் சண்டை மூண்டு நாங்கள் ஓடினபோது எனக்கு 13 வயது. அம்மா வாசித்துக்கொண்டிருந்த காதல் நாவல் தையல் மெஷினுக்கு மேல் குப்புறக் கிடந்தது. அதை எடுக்க நேரம் இருக்கவில்லை. மடுவுக்குப் போய், பேசாலையில் வள்ளம் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, மண்டபம் அகதி முகாமுக்குப் போனோம்.

முகாமில் ஒரு இரவு என் தங்கச்சி, அந்தக் கதையில் வந்த பெண்ணுக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டாள். அம்மா சொல்லத் தொடங்கினார். ஒரு மாதத்துக்கு மேல், விளக்கு அணைந்த பிறகு, தினமும் கொஞ்சம். பக்கத்து அறைப் பெண்களும் தடுப்புச் சேலைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்பார்கள். புத்தகம் எந்த இடத்தில் திறந்து கிடந்தது என்று எனக்குத் தெரியும். அந்த இடம் தாண்டியும் அம்மா சொல்லிக்கொண்டே போனார். கலியாணத்தில் முடித்தார். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

2003 இல் திரும்பி வந்தோம். வீட்டில் கதவுகூட இல்லை. அப்புறம் சில வருடம் கழித்துக் கொழும்பில் ஒரு பழைய புத்தகக் குவியலில் அதே நாவலைக் கண்டேன். அதே அட்டை, மூலை மட்டும் கிழிந்திருந்தது. கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தேன்.

'முடிவு என்ன?' என்று கேட்டார்.

'இன்னும் வாசிக்கவில்லை அம்மா.'

அட்டையைக் கொஞ்ச நேரம் தடவினார். 'சரி, இருக்கட்டும்' என்று எழும்பிப் போய், புதிதாகச் செய்வித்திருந்த அலுமாரியில் வைத்தார். அவரும் வாசிக்கவில்லை, நானும் வாசிக்கவில்லை. அவர் போய் ஆறு வருடம். இன்று காலையும் அதை வெயிலில் வைத்து எடுத்தேன்.

உங்கள் 63ஐயும் முதலில் நிலத்திலிருந்து எடுங்கள். கட்டிலுக்குக் கீழே ஈரம் ஏறும், கறையான் வரும். நாலு பலகை வாங்கி இறாக்கை அடித்துத் தரச் சொல்லுங்கள், எண்ணினவருக்கு அது பெரிய வேலை இல்லை. சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விட்டு அடிக்க வேண்டும். வேப்பிலையை நிழலில் காயவைத்து நடுவில் போடுங்கள்.

சனிக்கிழமை வெளியீட்டுக்கு நானும் வருகிறேன். கொஞ்சம் முன்னுக்கே வாருங்கள், பக்கத்தில் கதிரை பிடித்து வைக்கிறேன்.